சார்ஜ் ஏறாத டிராக்டரும் ஒரு சிவப்பு விளக்கும்

என் மகள் விளக்கை ஊத மறுப்பது அப்பா வரட்டும் என்று காத்திருப்பதாலா, அல்லது தான் ஊதினால் ஏதோ ஆகிவிடும் என்ற பயத்தாலா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவளுடைய நான்காவது பிறந்தநாளுக்குப் பரவை பேக்கரியிலிருந்து ஒரு சின்ன கேக் வாங்கி வந்தேன். மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, "ஊது பாப்பா" என்றேன். அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். நான் குனிந்து ஊதிக் காட்டினேன், அத்தை கைதட்டிக் காட்டினார். அவள் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகு உருகி கிரீமில் சொட்ட ஆரம்பித்ததும் அத்தை, "வெக்கப்படுது, விடு" என்று கையால் விசிறி அணைத்துவிட்டு ஒரு துண்டு வெட்டி அவள் வாயில் வைத்தார். நானும் வெட்கம் என்றே நினைத்தேன். வெட்கம் இல்லை என்று எனக்குத் தெரிய ஒரு டிராக்டர் கெட்டுப்போக வேண்டியிருந்தது.

நாங்கள் இருப்பது பரவையைத் தாண்டி, திண்டுக்கல் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஓர் ஊரில். வீட்டில் நான், மகள், என் கணவரின் அப்பா, அம்மா. அவர்களைத்தான் மாமா, அத்தை என்கிறேன். விளாங்குடியில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். மகளும் அதே பள்ளியில்தான் எல்.கே.ஜி. படிக்கிறாள். கணவர் இறந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. திண்டுக்கல் சாலையில், பைக்கில் வரும்போது, ஒரு லாரி. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

டிராக்டர் அவருடையது. கல்யாணத்துக்கு முன்பே பழைய வண்டியாக வாங்கியது. சொந்த வயல் கொஞ்சம்தான். மற்றவர்கள் நிலத்தை வாடகைக்கு உழுது கொடுப்பதுதான் வருமானம். மாமா ஓட்டுவதை விட்டு வெகுநாளாகியிருந்தது. மகன் போனபிறகு அவரே மறுபடி சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "வேற யாரு ஓட்டுறது?" என்றார், அவ்வளவுதான். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. நாங்கள் எதையுமே பேசவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

மாமா ஓட்ட ஆரம்பித்துச் சில வாரங்களில் வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது. காலையில் செல்ப் எடுக்காது. சாவியைத் திருப்பி அமுக்கினால் இருமுவதுபோல ஒரு சத்தம் வரும், பிறகு அதுவும் வராது. பேட்டரி இறங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றி பரவைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவோம். நாலைந்து நாள் ஓடும், மறுபடி அதே கதை. பேட்டரி பழசு என்று புதிது வாங்கிப் போட்டோம். புதிதும் அப்படியே இறங்கியது.

எங்கள் பக்கத்தில் செல்ப் எடுக்காத வண்டிக்கு ஒரு வழி உண்டு. கண்மாய்க் கரை ஏற்றத்தில் முகம் கீழே பார்க்க நிறுத்திவிடுவார்கள். காலையில் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருக்கும் கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும். வேகம் வந்ததும் கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். மாமா இரவில் அப்படித்தான் நிறுத்த ஆரம்பித்தார், சாயங்காலம் மட்டும் வண்டி வீட்டு வாசலில் நிற்கும். பள்ளிப் பேருந்துக்குப் போகும்போது கரைமேல் வண்டி தலையைக் கவிழ்த்து நிற்பதை நானும் மகளும் பார்ப்போம். கல் நழுவி, வண்டி உருண்டு, கீழே யாராவது நின்றிருந்தால் என்று தினமும் நினைப்பேன். பேருந்தில் ஏறியபிறகும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். மாமாவிடம் சொன்னால், "அம்புட்டுப் பெரிய கல்லுத்தா, யானையே வந்தாலும் அசையாது" என்பார். மறுநாள் காலை நான் அந்தக் கல்லை மறுபடி பார்ப்பேன்.

பரவையிலிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்ப்பார். என் கணவரோடு படித்தவர். ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த முறையில் நான் அவருக்குத் தங்கச்சி. அவர் பெல்ட்டை இறுக்கினார். வயர் முனைகளையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும் டைனமோவையே கழற்றிக்கொண்டுபோய்க் கடையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, குறையே இல்லை என்று திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். மாட்டியதும் கை ஆக்ஸிலேட்டரை ஓர் இழுப்பு இழுத்து இன்ஜினை அலறவிட்டு மீட்டரை வைத்துக் காட்டினார்.

"பாருங்க மாமா, பதினாலு வோல்ட்டு. குதிரை மாதிரி ஏறுது. வண்டியில ஒரு குத்தமும் இல்ல."

"பெறகு ஏன்டா இறங்குது?"

"ஓட்டுற ஆளுதான் குத்தம். நீங்க டிராக்டர் ஓட்டுறீகளா, தேர் ஓட்டுறீகளா? சத்தமே வரமாட்டேங்குது. நேத்து உங்கள சைக்கிள்ல ஒரு ஆளு முந்திப் போனாராமே?"

"தேருன்னா நீ வந்து வடம் புடி. நாலு பேரு கும்பிட்டுட்டாவது போவாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா முன்பு அப்படி ஓட்டியவரல்ல என்று அத்தை சொல்லியிருக்கிறார். மகன் போனபிறகுதான் எதையும் மெதுவாகச் செய்கிறார். இன்ஜினைக்கூட முனகும் அளவுக்குத்தான் ஓடவிடுவார். சிரித்து முடித்ததும் அது நினைவுக்கு வந்து, சிரித்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

எலக்ட்ரீஷியன் கிளம்பும்போது டாஷ்போர்டைத் தட்டி, "இதுல சார்ஜ் லைட்டு எரியலையே" என்றார். மாமா அண்டைக் கல்லை எடுத்து வைத்தபடியே, "அது எரியாது, விடப்பா" என்றார். அவரும் விட்டுவிட்டார். பக்கத்தில் காபி டம்ளரோடு நின்றிருந்த நானும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

உழவு சீசன் நெருங்கியபோது அத்தை வண்டியை விற்றுவிடலாம் என்று சொல்லத் தொடங்கினார். "ராசியில்லாத வண்டி. அது நம்மகிட்ட நிக்கமாட்டேன்னு சொல்லுது, உங்களுக்குப் புரியல" என்பார். வாங்குவதற்கு ஒரு ஆள் வந்து பார்ப்பதாக ஏற்பாடானது. அன்றைக்கு மாமா என்னிடம், "நீ என்ன சொல்ற தாயி? அவன் வண்டி. நீதான் சொல்லணும்" என்றார். மகள் தினமும் சாயங்காலம் பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஏறுவது அந்தச் சீட்டில்தான். கோணி தைத்த அந்தச் சீட்டின் இடது ஓரமாக, இன்னொருவருக்கு இடம் விட்டுத்தான் உட்காருவாள். வண்டி போய்விட்டால் எங்கே போய் உட்காருவாள்? வண்டி இருந்தால் எத்தனை காலம் அப்படி உட்காருவாள்? இரண்டில் எது கெடுதல் என்று எனக்குப் புலப்படவில்லை. வருகிற ஆளை ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள், ஒருமுறை நானும் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சொன்னபிறகு, நான் யார் இதைச் சொல்ல என்றும் இருந்தது.

பள்ளி ஆய்வகத்து மல்ட்டிமீட்டரை அனுமதி கேட்டு எடுத்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமை, சோறு வடித்துவைத்துவிட்டு, முந்தின நாள் சார்ஜ் ஏற்றி வந்த பேட்டரியோடு மாமாவை வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். அவர் வழக்கம்போல மெதுவாக ஓடவிட்டார். பேட்டரியில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேலே. நிறுத்தியிருந்தபோது எவ்வளவு இருந்ததோ அதே அளவு. இன்ஜின் ஓடுகிறது, சார்ஜ் ஏறவில்லை. எலக்ட்ரீஷியன் செய்ததுபோல நானே ஆக்ஸிலேட்டரை இழுத்தேன். பதினாலு. திரும்பக் குறைத்தேன். பதினாலிலேயே நின்றது.

நான் தப்பாக வைத்துப் பார்க்கிறேன் என்று நினைத்து வயர்களை மாற்றிப் பிடித்தேன். மீட்டரையே சந்தேகப்பட்டேன். வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னேன். பன்னிரண்டு. இழுத்தால் பதினாலு. "என்னத்தா, பிள்ளைகளுக்குப் பரீச்சை வைக்கிற மாதிரி வைக்கிற?" என்றார் மாமா. ஆனால் சொன்னபடி ஒவ்வொரு முறையும் நிறுத்தி எடுத்தார்.

இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான். எலக்ட்ரீஷியன் அலறவிட்டுப் பார்த்தார், ஏறியது. மாமா முனகவிட்டு ஓட்டினார், ஏறவில்லை. ஒருமுறை சத்தம் போட்டு எழுப்பிவிட்டால் டைனமோ வேலை செய்கிறது. எழுப்பாவிட்டால் நாள் முழுக்கச் சும்மா சுற்றுகிறது. ஆனால் அதை ஏன் எழுப்ப வேண்டியிருக்கிறது? என் கணவர் காலத்தில் வேண்டியிருக்கவில்லையே?

மறுநாள் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஊர் பேர் தெரியாத ஒரு மெக்கானிக் பழைய டிராக்டர் ஒன்றின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பியதும் முதலில் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்றார். அது வெறும் அடையாளத்துக்கு இருக்கும் விளக்கு அல்ல. பேட்டரியிலிருந்து அந்த பல்பு வழியாகத்தான் முதல் மின்சாரம் டைனமோவுக்குள் போகிறது. அதை வாங்கிக்கொண்டுதான் அது விழித்துக்கொள்கிறது. விழித்து, தானே மின்சாரம் கொடுக்கத் தொடங்கியதும் விளக்கு தானாக அணைகிறது. பல்பு போய்விட்டால் டைனமோவை அலறவிட்டுத்தான் எழுப்ப முடியும்.

இதெல்லாம் நான் வகுப்பில் வேறு வார்த்தைகளில் நடத்தும் பாடம். ஆனால் எனக்குப் பாடம் நினைவுக்கு வரவில்லை. கையில் சோறு காய்ந்துகொண்டிருக்க, அந்தச் சிவப்பு விளக்கு மட்டும்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் வண்டியிலும் அது இருந்தது. நான் பார்த்திருக்கிறேன். தினமும் பார்த்திருக்கிறேன்.

அது என் கணவருக்கும் மகளுக்குமான விளையாட்டு. காலையில் வண்டியை எடுக்கும்போது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். சாவியைத் திருப்புவார். சிவப்பு எரியும். "ஊது" என்பார். அவள் கன்னம் உப்ப, எச்சில் தெறிக்க ஊதுவாள். அதே நேரத்தில் அவர் செல்ப்பை அமுக்குவார். இன்ஜின் உறுமும், சிவப்பு அணையும். தான் ஊதித்தான் அணைந்தது என்று அவள் இரண்டு கையையும் தூக்குவாள். பிறகு அவளை இறக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

அத்தைக்கு மட்டும் அது பிடிக்காது. எங்கள் வீடுகளில் விளக்கை வாயால் ஊதி அணைக்கமாட்டோம். பூவால் ஒற்றுவோம், அல்லது திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுவோம்.

"பிள்ளைக்கு நல்ல பழக்கம் சொல்லிக் குடுடா. எரியிற வெளக்க வாயால ஊதச் சொல்ற?"

"அம்மா, இது வெளக்கு இல்ல, பல்பு."

"எதுவா இருந்தா என்ன, எரியுதுல்ல?"

மறுநாள் அவர் சாமி படத்திலிருந்து ஒரு செவ்வந்திப் பூவை எடுத்து மகள் கையில் கொடுத்தார். அவள் அதை டாஷ்போர்டில் ஒற்ற, இவர் செல்ப்பை அமுக்க, சிவப்பு அணைந்தது. "இப்ப திருப்தியா?" என்று கத்தினார் வண்டியிலிருந்து. அத்தை விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டே சிரித்துவிட்டார். அதற்கு அடுத்த நாள் மறுபடி ஊதல்தான்.

அந்த விளக்கு எப்போதிலிருந்து எரியவில்லை? எனக்குத் தெரியவில்லை. அவர் போனபிறகு நான் வண்டியின் பக்கம் அதிகம் போகவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும், மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது, டாஷ்போர்டைக் கழற்றினேன். நாலு திருகுதான். பல்பு சுட்டுப்போயிருக்கும், புதிது மாட்டினால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் பின்னால் பல்பே இல்லை. ஹோல்டரிலிருந்து வந்த இரண்டு வயர் முனைகளும் தனித்தனியாகக் கறுப்பு டேப் சுற்றி, ஒதுக்கிக் கட்டப்பட்டிருந்தன. டேப்பின் நுனி சின்னதாக உள்ளே மடித்துவிடப்பட்டிருந்தது.

அந்த மடிப்பை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மாமா ஒருவர்தான் அப்படிச் செய்வார். அரிசி மூட்டையானாலும் தண்ணீர்க் குழாயானாலும், எதை ஒட்டினாலும் நுனியை மடித்துவைப்பார். பிறகு பிரிக்கும்போது நகம் வைத்துச் சுரண்ட வேண்டாம் என்பார். அப்படியானால் இது மறுபடி பிரிப்பதற்காக ஒட்டியது.

அவர் தொழுவத்துப் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் கையில் வயரைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்ததும் மெதுவாக வந்தார்.

"மாமா, பல்ப நீங்களா கழட்டுனீங்க?"

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்தபிறகும் துடைத்தார்.

"காரியம் முடிஞ்சு வண்டிய மொதமொதல்ல எடுத்தேன்ல, அன்னைக்குப் பிள்ளைய ஏத்தி உக்கார வச்சேன். அவன் செய்யிற மாதிரி செஞ்சா சந்தோசப்படுமேன்னு. சாவியத் திருப்புனேன், செவப்பு வந்துச்சு. ஊதுத்தான்னேன். கைய வச்சு பொத்திக்கிருச்சு. எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், எடுக்கல. சரி, நானே செல்ப அமுக்குவோம்னு போனா, என் கையப் புடிச்சுக்கிட்டு அழுகுது. வேணாம் வேணாம்னு அப்படி ஒரு அழுகை. அன்னைக்கு வண்டியவே எடுக்கல நான்."

"எங்கிட்டச் சொல்லலையே மாமா."

"நீ இருந்த இருப்புல உங்கிட்ட என்னத்தத்தா சொல்ல?"

"வேற எதுவும் சொன்னாளா? அப்பான்னு ஏதாவது?"

"வேணாம்னு மட்டுந்தான். வேற ஒண்ணும் சொல்லல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெறும் லைட்டுதானன்னு கழட்டுனேன். அதுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்?" என்றார்.

உள்ளே போய், தன் ரத்த அழுத்த மாத்திரைகள் போட்டுவைக்கும் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துவந்தார். அதன் ஓர் அறையில் பஞ்சில் சுற்றி, நெல்லிக்கொட்டை அளவில் அந்த பல்பு இருந்தது. தினமும் காலையில் மாத்திரை எடுக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அந்த இடத்தில் நிற்கும்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. என் கணவரைக் கொண்டுவந்து கிடத்தியிருந்த அன்று அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "தெனமும் பிள்ளைய விட்டு வெளக்க ஊதி அமத்தாதடான்னு சொன்னேனே, கேட்டியாடா, கேட்டியாடா" என்று அழுதார். இழவு வீட்டில் பெண்கள் வாயில் வருவதையெல்லாம் சொல்லித்தான் அழுவார்கள். யாரும் அதைப் பொருள் பார்த்துக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அந்தச் சொற்கள் என்மேல் பட்டு ஓடிவிட்டன. ஆனால் என் மகள் அப்போது அங்கே ஓர் உறவுக்காரப் பெண்ணின் இடுப்பில் இருந்தாள். விரலைச் சூப்பிக்கொண்டு அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வயது. அந்த வயதில் எவ்வளவு புரியும்? ஒன்றும் புரியாது என்று ஒரு மனம் சொல்கிறது. 'விளக்கு', 'ஊதி' என்ற இரண்டு சொற்கள் போதாதா என்று இன்னொரு மனம் கேட்கிறது.

அதே நேரம் ஊரில் பலரும் அவளிடம், "அப்பா வெளியூர் போயிருக்காரு, வந்துருவாரு" என்று சொல்லிவைத்திருந்தார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதனால் அவள் வெறுமனே காத்திருக்கவும் கூடும். அப்பா வந்தால்தான் ஊதுவேன் என்பது அவள் வைத்துக்கொண்ட கணக்காக இருக்கலாம்.

மாமாவிடம் அத்தையின் அழுகையைச் சொன்னேன். அவர் முகம் இருண்டது. "அவகிட்ட இதச் சொல்லிராத. செத்துப் போயிருவா" என்றார். நான் சொல்லவில்லை. அத்தை சொன்னது மகனை இழந்த தாயின் அழுகை. அதில் நான் குற்றம் காண என்ன இருக்கிறது?

பல்பை மாட்டினேன். மாமா சாவியைத் திருப்பினார். சிவப்பு எரிந்தது. எவ்வளவு சின்ன வெளிச்சம் அது. செல்ப்பை அமுக்கினார், இன்ஜின் பிடித்தது, சிவப்பு அணைந்தது. ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை. மீட்டரில் பதினாலு. போனில் எலக்ட்ரீஷியனிடம் சொன்னபோது, "அட, அது எரியலைங்கிறத அன்னைக்கே நான் பாத்தேனே தங்கச்சி! பாத்துட்டும் விட்டேன் பாரு" என்று தன் தலையில் தட்டிக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. மாமா அப்போதே வாங்க வரவிருந்த ஆளுக்குப் போன் செய்து, வண்டி விற்பதற்கில்லை என்றார். அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இன்ஜின் சத்தம் கேட்டு மகள் ஓடிவந்துவிட்டாள். மாமா அவசரமாக வண்டியை நிறுத்தினார். அவள் எப்போதும்போல ஏறி இடது ஓரமாக உட்கார்ந்து, "போலாம் அய்யா" என்றாள். தாத்தாவை அவள் அய்யா என்றுதான் கூப்பிடுவாள். மாமா என்னைப் பார்த்தார். நான் என்ன ஜாடை காட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் சாவியைத் திருப்பினார்.

சிவப்பைப் பார்த்ததும் அவள் அசையாமல் இருந்தாள். கையால் பொத்தவில்லை, அழவில்லை. ஒரு விரலை மட்டும் கண்ணாடிமேல் வைத்தாள்.

"இது எங்க போயிருந்துச்சு?"

"ரிப்பேருக்குப் போயிருந்துச்சுத்தா" என்றார் மாமா.

"திரும்பி வந்துருச்சா?"

"வந்துருச்சு."

அவள் தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தாள். பாதை வரைக்கும் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நானும் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

மாமாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். செல்ப்பை அமுக்கிவிட்டார். இன்ஜின் உறுமியது, சிவப்பு அணைந்தது. அவள் சட்டென்று என்னைப் பார்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்:

"நான் ஊதலம்மா. நான் ஊதவே இல்ல."

நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். "ஆமா, நீ ஊதல" என்றேன். அதைச் சொல்லியிருக்கலாமா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஊதாமலே அணைந்துவிட்டதே என்ற ஆச்சரியத்தில் அவள் சொல்லியிருந்தால் என் பதில் சரி. ஆனால் இந்தத் தடவை என்மேல் தப்பில்லை என்று அவள் சொல்லியிருந்தால், 'நீ ஊதல' என்ற என் பதிலுக்கு அவள் என்ன அர்த்தம் எடுத்திருப்பாள்? முன்பு ஊதியதுதான் தப்பு என்றா?

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. கண்மாய்க் கரையில் நிறுத்துவதில்லை. அண்டைக் கல்லை அத்தை துணி துவைக்க எடுத்துக்கொண்டார். மகள் பள்ளிக்குப் போனபிறகுதான் மாமா வண்டியை எடுக்கிறார். சாயங்காலங்களில் அவள் ஏறி உட்கார்ந்து, "சாவி மட்டும் போடுங்க அய்யா, வண்டி வேணாம்" என்கிறாள். அவர் போடுகிறார். சிவப்பு எரிகிறது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்ஜின் ஓடாமல் இப்படி எரியவிட்டால் பேட்டரி இறங்கும் என்று மாமாவுக்கு இப்போது நன்றாகத் தெரியும். அவர் அதைச் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.

எலக்ட்ரீஷியன் ஒரு வழி சொன்னார். பல்புக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை வைத்தால் டைனமோ விழித்துக்கொள்ளும், விளக்கு இருக்காது, பிள்ளைக்கும் தெரியாது என்று கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பஞ்சில் சுற்றி மாமா அதே மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறார். "எதைப் போடணும்னு நீ சொல்லுத்தா, மாத்திருவோம்" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். விளக்கை மறைத்தால் ஒருமுறை செய்ததையே மறுபடி செய்வதாக இருக்கிறது. விட்டுவைத்தால், ஒரு குழந்தை தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து என்ன நினைக்கிறது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவளை உட்காரவைத்துச் சொல்லிவிடலாம் என்றும் நினைக்கிறேன். அப்பா வரமாட்டார் என்பதை எப்படியாவது சொல்லித்தான் ஆக வேண்டும், அது எனக்குத் தெரியும். அதோடு, நீ ஊதியதால் விளக்கு அணைந்ததே இல்லை, டைனமோதான் அணைத்தது, அப்பாவுக்கு நடந்ததற்கும் உனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் விட்டால், அவள் அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு வளர்வாளோ என்று பயமாக இருக்கிறது. சொன்னால், இதுவரை அவளுக்குத் தோன்றியிராத ஒன்றை நானே அவள் மனதில் போட்டுவிடுவேனோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. அவளிடமே கேட்கலாம் என்று இரண்டு முறை வாயெடுத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு முடித்துக்கொண்டேன்.

இதைப் படிப்பவர்களில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு சாவைப் பற்றிச் சொல்ல நேர்ந்தவர்கள் இருப்பீர்கள். சின்ன வயதில் அப்படி ஒன்றைக் கேட்டு வளர்ந்தவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் யாராவது முதலில் கேட்டார்களா, சொன்னார்களா, அல்லது நீங்களாகச் சொல்லும்வரை காத்திருந்தார்களா? எது உங்களுக்கு உதவியது? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அதுவரைக்கும் பல்பு வண்டியிலேயே இருக்கட்டும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். அதுவாவது சரிதானா என்றும் எழுதுங்கள்.